இடம்

ஜூலை. ஹோபார்ட்டுக்குக் கிழக்கே, கடல்மேல் போட்ட சாலையின் ஓரம்.
நீர் வற்றியிருப்பது ஆறு நாற்பதிலிருந்து எட்டு வரை.
கையுறைக்குள் விரல்கள் இருப்பதாக ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான்.
கல்லைப் புரட்டுகிறேன். எண்ணுகிறேன். இருந்தபடியே வைக்கிறேன்.
பதினேழு.
சுண்டுவிரல் நகத்தளவு, ஆரஞ்சுத் தோலின் நிறம்,
ஐந்து முனையும் மழுங்கி,
நட்சத்திரம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுவது போல.

சாலையை அகலப்படுத்த வந்தவர் டூகல் ஹெஸ்லப்.
மஞ்சள் இயந்திரத்தின் படியில் உட்கார்ந்து
ஃபிளாஸ்கைத் திறந்தபடி கேட்கிறார்:
"நாங்கள் மண் கொட்டினால் என்ன?
அந்தப் பக்கம் நீந்திப் போய்விடாதா?"

போகாது, ஹெஸ்லப்.
இதன் முன்னோர் போயிருப்பார்கள்.

முட்டைகளைக் கடலில் கொட்டிவிட்டுத்
திரும்பிப் பாராத குலம் அது.
கடுகைப் பத்தாய்ப் பிளந்தாலும் அதைவிடச் சிறிய முட்டை.
சில நாளில் அதற்கொரு வாய், ஒரு வயிறு,
உடம்பைச் சுற்றி மயிரிழைக் கச்சை.
கச்சை துடிக்க, பாசித்துகள் வாய்க்குள் வர,
கண்ணாடியால் ஆனது போல் ஒன்று
வாரக்கணக்கில் மிதக்கும்.
நட்சத்திரத்தின் சாயலே இராது.
நம்மைப் போல் அதற்கு
வலமும் இடமும் உண்டு.

பிறகு ஒருநாள் இடப்பக்கம் கனக்கும்.
ஐந்து மடிப்பு. உள்ளே யாரோ புரண்டு படுப்பது போல.
குட்டைக் கைகளால் ஒரு பாறையைத் தொட்டு,
பிடிக்காவிட்டால் விட்டு, இன்னொன்றைத் தொட்டு,
ஒட்டிக்கொள்ளும்.
நீந்திய உடம்பு கரைந்து போகும்.
நட்சத்திரம் பிறப்பது இடத்தில்தான்.
அந்தச் சொல்லை எந்தப் பொருளில் எடுத்தாலும் சரி.

பாசி பொய்த்த ஆண்டுகள் வந்திருக்கலாம்.
அலையோடு போன பிள்ளைகள் கரை சேராத ஆண்டுகள்.
எவளோ ஒருத்தி முட்டையில்
கொஞ்சம் கூடுதலாகக் கொழுப்பு வைத்தாள்.
(திட்டமிட்டு அல்ல. அழுத்திச் சொல்கிறேன்,
நானே அடிக்கடி மறந்துவிடுவதால்.)
கட்டுச்சோறு மடியில் இருந்தால் வாய் எதற்கு?
வாய் திறக்கவில்லை. குடல் முடிச்சாய் நின்றது.
கச்சை அவிழ்ந்தது.
லட்சம் தலைமுறை கழித்து முட்டையைக் கல்லடியில் ஒட்டினார்கள்.
அதற்கும் பிறகு, இங்கே, இந்தக் குளிரில்,
வெளியே விடவே இல்லை.
பிள்ளைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை;
தாய் மட்டும் வாயும் வயிறுமாக.

ஹெஸ்லப் சிரிக்கிறார்.
மகள் லோர்னாவுக்கு அடுத்த மாதம் பிரசவமாம்.
"அதைவிடப் பத்திரமான இடம் ஏது?" என்கிறார்.

மீதியைச் சொல்லவில்லை நான்.
உள்ளே முதலில் நட்சத்திரமாகி முடித்ததற்கு
வாய் திரும்பி வருகிறது என்பதை.
பக்கத்தில் கிடக்கும் உடன்பிறப்பே
அதன் முதல் சோறு என்பதை.
தேநீர் ஆறுவதற்குள் சொல்லக்கூடியவை கொஞ்சம்தான்.

நேற்று ஆய்வகத்தில் ஒன்று ஈன்றது.
முதுகுத் துளை வழியே ஒரு முனை, வெகுநேரம் கழித்து இன்னொன்று.
நான்கு மில்லிமீட்டர்.
தாயின் மேலிருந்து இறங்கி, ஒரு விரற்கடை நடந்து, நின்றது.
அதன் பெரும்பயணம் அது.

செத்துப்போன இன்னொன்றை மெரின் அறுத்துப் பார்த்தாள்.
"இங்கே பார்" என்று நுண்ணோக்கியை என் பக்கம் தள்ளினாள்.
முடியாத ஒரு லார்வா. அதில் இன்னும்
அந்தக் குட்டைக் கைகள், மூன்று மேடுகளாக.
தொட ஒரு பாறையும் இல்லாத இருட்டில்.
வயரை எப்போதோ உருவிவிட்ட பின்னும்
சுவரில் விட்டுவைத்த சுவிட்ச் மாதிரி.
இருவரும் கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு அவள் மதிய உணவு வாங்கப் போனாள்.

எட்டு மணி. நீர் ஏறுகிறது.
ஹெஸ்லப் ஃபிளாஸ்கை மூடிவிட்டு
ரப்பர் பூட்ஸோடு என் பக்கத்தில் வந்து குனிகிறார்.
"எந்தக் கல்?"
"எல்லாமும்தான்."
ஒன்றை அடியோடு தூக்குகிறார், இரண்டு கையாலும்,
சாய்க்காமல், வழிய வழிய நிரம்பிய பாத்திரத்தைத் தூக்குவது போல.
பூட்ஸுக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டது.

"எங்கே வைக்க?" என்கிறார்.